மூச்சுச் சத்தம்

பேண்டு மாஸ்டர் இன்னாசியிடம் மாயழகு ஒரே கேள்வியை இருபத்திரண்டு நாள் கேட்டார். இருபத்திரண்டாம் நாள்தான் பதில் கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஆனால் கிடைத்துவிட்டது, நானும் கூடவே இருந்து கேட்டுவிட்டேன்.

நான் பரமன். அதே பேண்டு செட்டில் ஜால்ரா அடிப்பவன். மற்றவர்களுக்கு அது வசவு, எனக்கு அது வேலை.

திண்டுக்கல்லில் எங்கள் செட்டில் மொத்தம் எட்டுப் பேர். கல்யாண ஊர்வலம், கோயில் சப்பரம், காதுகுத்து, சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். மாஸ்டருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய சீடர் மாயழகுக்கு ஐம்பத்தொன்று. நான் மாற்றிச் சொல்லவில்லை, சீடர்தான் மூத்தவர்.

மாயழகு முன்பு டெய்லர். எங்கள் சிவப்புக் கோட்டுகளுக்கு அளவெடுக்க வந்தவர், பெஞ்சில் கிடந்த கிளாரினெட்டை எடுத்து ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மறுநாளும் வந்தார். கோட்டுகளைத் தைத்துக் கொடுத்த பிறகும் வந்தார். இந்த ஆள் விடமாட்டார் என்று தெரிந்ததும் மாஸ்டர் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் இவரை 'மாஸ்டர்' என்பார். இவர் அவரை 'அண்ணே' என்பார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் ஊர் அடைத்துக்கொண்டது. கல்யாணங்கள் நின்றன. சாவு நிற்கவில்லை, ஆனால் சாவுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. செத்தவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியிலேயே போனார்கள். வீட்டுவாசல்கூடக் கிடைக்கவில்லை.

முதலில் மாஸ்டர் எங்களைப் போனில் ஒன்றாகச் சேர்த்து வாசிக்கவைத்துப் பார்த்தார். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. டிரம் அடி விழுந்த பிறகு பாட்டு வந்தது, பாட்டு முடிந்த பிறகு என் ஜால்ரா போனது. கேட்கச் சகிக்கவில்லை.

"வாசிக்க வேணாம்," என்றார் மாஸ்டர். "பேசுவோம். பேசுறதைக் கேப்போம்."

சாயங்காலம் நாலு மணி என்று வைத்தார். தினமும் ஒருத்தர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் போனைக் குப்புறப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். வணக்கம் கிடையாது. 'உம்' கிடையாது. ஆறுதல் கிடையவே கிடையாது. சொல்லி முடித்ததும், மாஸ்டர் வாய் திறக்கும்வரை எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். அழைப்பை நடத்துகிறவர் என்பதால் அவர் போன் மட்டும் நிமிர்ந்து இருக்கும்.

"ஏன் மாஸ்டர் உம் கொட்டக் கூடாது?" என்று கேட்டேன்.

"நீ ஜால்ரா. உன்னை விட்டா முதல் வார்த்தைக்கே தட்டுவ."

எனக்கு அந்த நாலு மணி முதலில் பிடிக்கவில்லை. வேலையில்லாத எட்டுப் பேர் புலம்புவதற்கு ஒரு நேரம் என்று நினைத்தேன். சைடு டிரம் பீர் முகமது சொன்ன நாளில் என் வாய் அடைத்துப்போனது.

பீர் முகமது சொன்னது இது. "ஏழு வயசுப் பொம்பளைப்பிள்ளை. காய்ச்சல்ல போயிருச்சு. அவங்க அப்பா வந்து, என் மக ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடுன பாட்டை வாசிங்கன்னாரு. அது குத்துப் பாட்டு. மாஸ்டர் தலையை ஆட்டிட்டாரு, ஆரம்பிச்சோம். முன்னால சின்னப் பெட்டி போகுது. அந்தப் பிள்ளையோட படிச்சது ரெண்டு, விவரம் தெரியாததுங்க, பாட்டைக் கேட்டதும் ஆட ஆரம்பிச்சிருச்சுங்க. எனக்குக் கை நின்னுபோச்சு. அவங்க அப்பா திரும்பி, நிறுத்தாதீங்கன்னு கையைக் காட்டினாரு. அந்த ரெண்டும் கடைசிவரைக்கும் ஆடிட்டே வந்துச்சுங்க. நான் அடிச்சுக்கிட்டே வந்தேன். அவ்வளவுதான்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து மாஸ்டர், "நாளைக்கு நாலு மணி," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு நான் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பத்தாம் நாள் பெரிய டிரம் சவரிமுத்துவுக்கு இருமல் வந்தது. இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆளைப் பார்த்தால் மாட்டு வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்துவான் என்று தோன்றும். அவனுக்கு ஆக்ஸிஜன் என்றதும் நாங்கள் நம்பவில்லை. மாஸ்டர் தினமும் நாலு மணிக்கு எல்லோரையும் கூப்பிடுவார். சவரியின் போன் அடித்து ஓயும். ஏழு பேராகக் கேட்போம். நாலு நாள் இப்படிப் போனது.

ஐந்தாம் நாள் மாயழகின் முறை. அவர் கதை சொல்வதில் கொஞ்சம் ஆசைப்படுகிறவர். கத்தரி பிடித்த கை, அளந்து அளந்துதான் பேசும். தன் முதல் சாவு வாசிப்பைப் பற்றி ஆரம்பித்தார்.

"மேட்டுப்பட்டியில ஒரு பெரியவர். நல்ல சாவு, தொண்ணூறு வயசு. எனக்கு மூணு பாட்டுத்தான் தெரியும். மாஸ்டர், பரவாயில்ல வாங்கண்ணேன்னாரு. போனேன். தெரு முக்குத் திரும்பையில, என் கிளாரினெட்டு கீச்சுன்னு ஒரு கத்து கத்துச்சு பாருங்க. செத்தவரோட மகன் திரும்பி என்னை முறைச்சாரு. அங்கேயே ஒரு குழி இருந்தா இறங்கிருப்பேன்."

அந்த இடத்தில் ஒரு சத்தம் குறுக்கே வந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. தொண்டையில் சளி அறுக்கிற சத்தம். மாயழகு ஒருமுறை பொறுத்தார். இரண்டாம் முறை பொறுத்தார்.

"யாருப்பா அது, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி? மைக்கை மூடுங்கய்யா. ஒரு மனுஷன் பேசுறான்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

சத்தம் உடனே நிற்கவில்லை. மெலிந்தது. இடைவெளி விட்டு வந்தது. பிறகு நின்றது.

"அப்பாடா," என்றார் மாயழகு. "இப்பத்தான் நல்லாருக்கு."

கதை தொடர்ந்தது. அவர் பக்கத்தில் பெரிய டிரம்மோடு நடந்தவன் சவரிமுத்து. கிளாரினெட் அடுத்த முறை தடுக்கியதும் சவரி டிரம்மை ஓங்கி ஒரு அடி அடித்தான். கீச்சுச் சத்தம் அதில் அமுங்கிவிட்டது. அடுத்த தப்புக்கு இன்னொரு அடி. சுடுகாடு வரை, மாயழகு எங்கெல்லாம் தப்பு விட்டாரோ அங்கெல்லாம் ஒரு அடி. தாளத்துக்குப் பொருந்தாத அடிகள். பார்க்கிறவர்கள் டிரம்காரன் குடித்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

"திரும்பி வரும்போது, ஏண்டா இப்படிப் பேர் கெடுத்துக்கிட்டன்னு கேட்டேன். நீங்க புதுசுண்ணே, எனக்கென்ன, நான் குடிக்கிறவன்னு ஊருக்கே தெரியும்னான்," என்று முடித்தார் மாயழகு.

மணி ஐந்தாகியிருந்தது. நாங்கள் சும்மா இருந்தோம். அன்றைக்கு அந்த மௌனத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லவில்லை.

மாஸ்டர் வாய் திறந்தார். "சவரி, கேட்டியாப்பா? உன் கதைதான்."

நான் போனைத் திருப்பினேன்.

"சவரியா?" என்றார் மாயழகு. "சவரி லைன்ல இருக்கானா?"

"நாலு மணிக்கே வந்துட்டான். கதை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். சவரி?"

பதில் இல்லை.

"பேச முடியல போல," என்றார் மாஸ்டர். "தூங்கட்டும்."

ஆறரை மணிக்குச் சவரியின் சம்சாரம் மாஸ்டருக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இறந்த நேரம் நாலு நாற்பது என்று எழுதியிருந்ததாம்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிணத்தைத் தூக்கும்போது பெரிய டிரம்மில் மூன்று அடி. அது முடிந்துதான் பாட்டு. ஏழையோ பணக்காரனோ, அந்த மூன்று அடி இல்லாமல் எங்கள் செட் யாரையும் அனுப்பியதில்லை. சவரியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வண்டியிலிருந்து நேராகக் குழிக்குள் இறக்கினார்கள். கவச உடை போட்ட நாலு பேர் செய்தார்கள், பாவம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. சம்சாரம் தூரத்தில் நின்றாள். ஊருக்கெல்லாம் மூன்று அடி அடித்தவனுக்கு ஒரு அடியும் இல்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று தெரியாததால் ஆறவும் வழியில்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஏழு பேராகச் சேர்ந்தோம். அன்று கதை சொல்ல வேண்டியவர் ஏதோ சொன்னார், எனக்கு நினைவில்லை. முடிந்ததும் மாயழகு கேட்டார்.

"மாஸ்டர், நான் மூடச் சொன்னேன்னு மூடிட்டான். மூடிட்டுத் தனியாச் செத்தானா?"

"நாளைக்கு நாலு மணி," என்றார் மாஸ்டர்.

இரண்டாம் நாளும் அதே கேள்வி. "என் பேச்சைக் கேக்க வந்தவனை நான் வெளிய தள்ளிட்டேன். தனியாத்தானே செத்தான்?"

"நாளைக்கு நாலு மணி."

ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று போனது. கேள்வி மாறவில்லை. வார்த்தைகள்தான் குறைந்தன. கடைசியில் "தனியாவா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்பார். எங்களில் ஒருவர், "விடுங்கண்ணே, தெரிஞ்சா சொன்னீங்க?" என்று ஆறுதல் சொல்லப் போனார். மாஸ்டர் அவரை அதட்டினார். ஆறுதல் கூடாது என்ற சட்டத்தை அவர் அப்போதும் விடவில்லை. எனக்கு மாஸ்டர் மேலேயே எரிச்சல் வந்தது.

ஒன்பதாம் நாள் மாஸ்டர் ஒரு கதை சொன்னார்.

"நான் இருபது வயசுல வாசிக்கப்போன காலம். வத்தலகுண்டு பக்கம் ஒரு பெரிய வீட்டுக்காரர் சாகக் கிடந்தாரு. செத்த பிறகு வாசிக்கிறதை நான் எங்க கேக்கப்போறேன், இப்பவே வாசிச்சுக் காட்டுங்கடான்னு செட்டைக் கூப்பிட்டுட்டாரு. வீட்டுல பொம்பளைங்க எல்லாம் அழுகை. நாங்க கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, சாவுக்கு வாசிக்கிறது எல்லாத்தையும் வாசிச்சோம். கண்ணை மூடிக் கேட்டாரு. முடிஞ்சதும், எல்லாம் சரி, ரெண்டாவது கிளாரினெட்டு சுதி இறங்கிக் கிடக்குன்னாரு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாரு. செத்தப்ப எங்களைத்தான் கூப்பிட்டாங்க. அதே பாட்டு. ரெண்டாவது கிளாரினெட்டு அப்பவும் சுதி இறங்கித்தான் இருந்துச்சு. சொல்றதுக்கு ஆள் இல்ல."

மாயழகு கேட்டார். "இதுக்கும் நான் கேட்டதுக்கும் என்ன சம்பந்தம் மாஸ்டர்?"

"தெரியலண்ணே. நீங்க கேட்டதும் ஞாபகம் வந்துச்சு."

"அந்த ரெண்டாவது கிளாரினெட் யாரு?"

"நான்தான்."

மாயழகு சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஏற்கெனவே ஒருமுறை சிரித்தது போதும் என்று இருந்தது.

அவர் ஊதுவதை விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சேலைத் துணியால் கட்டி, ஊரடங்கு தளர்ந்ததும் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். இதை எனக்குச் சொன்னது அவர் சம்சாரம். மதினி அதிர்ந்து பேசாத மனுஷி. இருபத்தோராம் நாள் காலையில் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, உங்க அண்ணனை என்னால பாக்க முடியல."

"சாப்பிடுறாரா மதினி?"

"சாப்பாட்டை விடுங்க. சுவரைப் பாத்து உட்கார்ந்துக்கிட்டு மூச்சை அடக்குறாரு. என்னங்க இதுன்னு கேட்டா, என் மூச்சுச் சத்தம் எனக்கே கேக்குது, பிடிக்கலன்னு சொல்றாரு. நேத்து மூஞ்சி நீலமாப் போச்சு. முதுகுல அடிச்சு மூச்சு விடவச்சேன். நான் குளிக்கப் போறதுக்கே பயமா இருக்கு தம்பி."

உடனே மாஸ்டரைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டுக் கத்தினேன். "ஏதாவது சொல்லித் தொலைங்க மாஸ்டர். தனியாச் சாகலண்ணேன்னு ஒரு பொய்யாச்சும் சொல்லுங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?"



"பொய் சொல்லத் தேவையில்ல பரமா," என்றார் மாஸ்டர். "அதான் கஷ்டம்."

எனக்குப் புரியவில்லை.

"நாளைக்குச் சொல்லிடுறேன். மதினியை அண்ணன் பக்கத்துலேயே உட்காரச் சொல்லு. பெட்டியையும் எடுத்துவைக்கச் சொல்லு."

இருபத்திரண்டாம் நாள், நாலு மணி. ஏழு பேரும் வந்தோம்.

"இன்னைக்குக் கதை இல்ல," என்றார் மாஸ்டர். "அண்ணே, கிளாரினெட்டை மாட்டுங்க."

"நான் ஊதமாட்டேன் மாஸ்டர்."

"பாட்டு வேணாம். ரீடைக் கழட்டிருங்க. வெறும் குழல்ல ஊதுங்க. நான் போதும்னு சொல்றவரைக்கும்."

மதினி மெல்ல ஏதோ சொல்வது கேட்டது. பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாயழகு ஊத ஆரம்பித்தார்.

சீவாளி போன்ற அந்த ரீடு இல்லாத கிளாரினெட்டில் சுரம் வராது. காற்றுத்தான் வரும். உள்ளே இழுப்பது கேட்டது, வெளியே விடுவது கேட்டது. முதலில் ஒழுங்காக இருந்தது. மூன்று நாலு நிமிஷத்தில் அவருக்கு இரைக்க ஆரம்பித்தது. ஐம்பத்தொரு வயது, மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாத உடம்பு. மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அது மாயழகு அண்ணன் என்று எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் மதினி இருக்கிறார் என்று தெரியும். இருந்தும் அந்தச் சத்தம் என் காதுக்குள் போய் எதையோ பிடித்து உலுக்கியது. நின்றால் தேவலை என்று இருந்தது. நின்றுவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

பீர் முகமதுதான் முதலில் உடைந்தான். "மாஸ்டர், போதும். நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன்?"

"கேக்க முடியல மாஸ்டர்."

"பரமா, உனக்கு?"

"எனக்கும்தான்," என்றேன்.

மாஸ்டர் இன்னும் ஒரு நிமிஷம் விட்டார். பிறகு, "போதும்ணே," என்றார்.

மாயழகு இரைத்துக்கொண்டே கேட்டார். "தனியாவா மாஸ்டர்?"

"தெரிஞ்சே ஆகணுமா?"

"ஆகணும்."

"தெரிஞ்ச பிறகு என்கிட்ட எதுவும் திருப்பிக் குடுக்க முடியாதுண்ணே. கிளாரினெட்டையும் சரி, இதையும் சரி."

"சொல்லுங்க."

"நம்ம பேருக்குப் பக்கத்துல ஒரு மைக் படம் இருக்கும். யாராவது மூடினா அதுல குறுக்கே ஒரு கோடு விழும். எல்லாரும் போனைக் குப்புறப் போட்டிருந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சவரி பேர்ல கோடு விழல. ஆரம்பத்துலயும் விழல, கடைசியிலயும் விழல. நான் கட் பண்ற வரைக்கும் அவன் மைக் திறந்தேதான் இருந்துச்சு."

அவரே தொடர்ந்தார்.

"கதை முடியிற நேரத்துல ஒரு தள்ளுவண்டிச் சத்தம் கேட்டுச்சு, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. யார் தெருவிலோ காய்கறி வண்டி போகிறது என்று நினைத்திருந்தேன்.

"அது ஆஸ்பத்திரி வண்டி," என்றார் மாஸ்டர். "அவன் மூடல. உங்க பேச்சை விட்டு எங்கேயும் போகல. நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க, நாங்க கேட்டுக்கிட்டிருந்தோம், அவனும் கேட்டுக்கிட்டிருந்தான். தனியாச் சாகல."

மாயழகு அழுதார். பெரியவர்கள் அழும்போது வருகிற கரகரப்பு இல்லை அது, சின்னப் பிள்ளையின் அழுகை. "தனியாச் சாகல," என்று மதினியிடம் சொன்னார். "நம்ம கூடத்தான் இருந்திருக்கான், கேட்டியா." மதினியும் அழுதார். நானும் அழுதேன். இருபத்திரண்டு நாளாக மார்மேல் கிடந்தது இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இதைச் சொல்லவா மாஸ்டர் இத்தனை நாள் இழுத்தார் என்று திட்டவும் வாய் எடுத்தேன்.

அழுகை பாதியில் நின்றது.

"மாஸ்டர்," என்றார் மாயழகு. "அவன் மூடலன்னா, அப்ப அந்தச் சத்தம் எப்படி நின்னுச்சு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"நான் அப்பாடான்னு சொன்னேனே மாஸ்டர்."

"சொன்னீங்க."

"நல்லாருக்குன்னு சொன்னேனே."

"சொன்னீங்கண்ணே."

மதினி, "என்னங்க, என்னங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை. எங்கள் ஏழு பேருக்கும் புரிந்துவிட்டது.

மாயழகின் குரல் வேறு எங்கிருந்தோ வந்தது. "இதுக்குத்தான் இத்தனை நாள் சொல்லலையா? நான் தாங்கமாட்டேன்னா?"

"அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன்," என்றார் மாஸ்டர். "அது இல்லண்ணே. நீங்க அந்த மூச்சு யாரோடதுன்னு தெரியாமச் சொன்னீங்க. எனக்கு அவன் பேரு கண்ணு முன்னாடி இருந்துச்சு. சவரின்னு தெரிஞ்சு கேட்டுக்கிட்டிருந்தேன். அது நின்னப்ப எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு."